மொகல் தெருவிலிருந்து பார்த்தால்

1909 டிசம்பர் மாத 'எகனாமிக் ஜர்னல்' இதழில் ஜே. எஸ். ஃபர்னிவால் என்ற முப்பத்தோரு வயது அதிகாரி ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பைத் தமிழில் 'இயற்கையின் இலவசக் கொடையாக நிலம்' என்று சொல்லலாம். அவர் பேராசிரியர் அல்லர். பர்மாவில் ஐ.சி.எஸ். உத்தியோகம் பார்த்தவர்; வயலை அளந்து, மண்ணைத் தரம் பிரித்து, தீர்வை எவ்வளவு என்று குறிக்கும் நிலவரி வேலைகளில் பழகியவர். பாடநூல் சொல்லும் ஒன்றைக் கீழ் பர்மாவின் சேற்றில் நின்று உரசிப் பார்த்தார் என்பதுதான் அந்தக் கட்டுரையின் முக்கியத்துவம்.

பாடநூல் சொன்னது ரிக்கார்டோவின் கொள்கை. நிலம் இயற்கை தந்தது, அதை யாரும் உண்டாக்கவில்லை. நல்ல மண்ணுக்கும் மட்டமான மண்ணுக்கும் உள்ள விளைச்சல் வித்தியாசமே நிலவாடகை. 1817இல் இங்கிலாந்தின் தானிய வயல்களையும் தானியச் சட்டச் சண்டைகளையும் மனத்தில் வைத்து எழுதியது அது. அங்கே காடு திருத்தி நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. திருத்தியவன் பட்ட பாடு யார் நினைவிலும் இல்லை. எனவே நிலம் இலவசம் என்று எழுத முடிந்தது. இந்தக் கருத்து கப்பலேறி இந்தியாவுக்கு வந்தது. கம்பெனி உத்தியோகத்துக்கு வரும் இளைஞர்களுக்கு ஹெய்லிபரி கல்லூரியில் பொருளியல் கற்பித்தவர் மால்தூஸ். லண்டன் இந்தியா ஹவுஸில் உட்கார்ந்து வருவாய்க் கடிதங்கள் எழுதியவர் ஜேம்ஸ் மில். செட்டில்மென்ட் அதிகாரியின் அளவுசங்கிலிக்குப் பின்னால் ஒரு கோட்பாடும் இழுபட்டு வந்தது என்று சொல்லலாம்.

இராவதிக் கழிமுகத்தில் அந்தக் கோட்பாடு தடுக்கி விழுந்தது. 1852இல் ஆங்கிலேயர் கீழ் பர்மாவைப் பிடித்தபோது அங்கே நெல் விளைந்த நிலம் 10 இலட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1930களில் அது 80 இலட்சம் ஏக்கரைத் தாண்டிவிட்டது. நடுவில் நடந்தது காடு வெட்டு, காய்ச்சல், உப்புத் தண்ணீரைத் தடுக்கும் வரப்பு, செத்துப்போன எருமைக்குப் பதில் இன்னொரு எருமை, முதல் விளைச்சல் வரும்வரை சாப்பாட்டுக்கு வேண்டிய முன்பணம். ஒரு தலைமுறை கண்ணெதிரே இத்தனையும் செலவழித்து உண்டாக்கிய வயலை இலவசக் கொடை என்று சொல்ல, அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவனுக்கு வாய் வராது.

பொருளியல் சிந்தனையின் வரலாற்றை ஆட்களின் வரிசையாகவே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள்: ஸ்மித், ரிக்கார்டோ, மில், மார்க்ஸ், மார்ஷல். அதை ஊர்களின் வரிசையாகவும் படிக்கலாம். வான் தூனன் 1826இல் வெளியிட்ட 'தனித்த அரசு' என்னும் நூலில் நகரத்தைச் சுற்றி வளையம் வளையமாக வேளாண்மை அமையும் என்றார். மெக்லென்பர்க்கில் தெல்லோ என்ற தன் பண்ணையின் கணக்குப் புத்தகங்களை வைத்துத்தான் அதைக் கட்டினார். அந்த வரிசையில் ரங்கூனுக்கும் ஓர் இடம் உண்டு என்று நான் நினைக்கிறேன். இன்று யாங்கூன் என்கிறோம். பழைய கதை பேசும்போது ரங்கூன் என்றே எழுதுகிறேன். அந்த ஊரிலிருந்து இரண்டு பெரிய கருத்துகள் உலகத்துக்குப் போயின. இரண்டிலும் தமிழர்கள் இருக்கிறார்கள், பேசப்படுபவர்களாக. பேசுகிறவர்களாக அல்ல. மூன்றாவதாக ஒரு சிந்தனையும் அங்கே இருந்தது. அது தமிழில் எழுதப்பட்டது, பேரேட்டில்.

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதைத்தான் யாரும் சிந்தனை என்று எண்ணுவதில்லை.

சூலே பகோடாவுக்கு மேற்கே இருக்கும் ஷ்வே பொந்தா தெருவுக்கு அந்தக் காலத்தில் மொகல் தெரு என்று பெயர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் அங்கே இருந்தன. ஒரே கூடத்தில் பல மார்க்கா. ஒவ்வொரு மார்க்காவுக்கும் ஒரு பெட்டி, ஒரு பாய், ஒரு மேசைப்பலகை. மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலை. மேலாள் ஊரிலிருந்து மூன்று ஆண்டுக் கணக்குக்கு வருவார். சம்பளச் சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு வருவார். கணக்கு முடிந்ததும் ஐந்தொகை போட்டு ஒப்படைத்துவிட்டுக் கப்பலேறுவார். தங்கள் சாதித் தொழிலை அவர்கள் 'கொண்டுவிற்பது' என்றார்கள். அந்தச் சொல்லே ஒரு புவியியல்: இங்கிருந்து கொண்டு போய் அங்கே விற்பது. விற்ற சரக்கு பணம்.

மாதம் ஒருமுறை மொகல் தெருக் கோயிலில் கூடி நடப்பு வட்டியைத் தீர்மானித்தார்கள். செட்டியார்கள் தங்களுக்குள் வாங்கும் கொடுக்கும் பணத்துக்கு அந்த மாதம் அதுதான் வட்டி. சென்னையில் பணம் இறுக்கமா, ரங்கூனில் ஐரோப்பிய வங்கிகள் எவ்வளவுக்குக் கொடுக்கின்றன, அறுவடைக்கு எவ்வளவு கேட்பு வரும், எல்லாவற்றையும் எடை போட்டுச் சொல்லும் ஒரே எண். கழிமுகத்தில் உள்ள சிறு ஊர்க் கடைகள் அந்த எண்ணை வைத்து மேலே கூட்டிக்கொண்டன. நல்ல நில ஈடு இருந்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 12இலிருந்து 15 சதவீதம். ஈடு மெலிய மெலிய 20, 24 என்று ஏறும். இதைக் கொடுமை என்று சொல்பவர்கள், அதே ஊரில் 'சபாபே' என்ற முறையில் நெல்லாகத் திருப்பித் தரும் நிபந்தனையோடு உள்ளூர்க்காரர்கள் கொடுத்த கடனுக்கு வட்டி இதைப்போல் பல மடங்கு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தூரம் கூடக் கூட ஆபத்து கூடும், ஆபத்து கூடக் கூட வட்டி கூடும்; அந்தத் தூரத்தைச் சாதி நம்பிக்கையும் கோயில் மகமையும் உண்டியலும் கொண்டு குறைக்கலாம். இதை எந்தச் செட்டியாரும் கட்டுரையாக எழுதவில்லை. ஆனால் 1929–30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு வந்து உட்கார்ந்து கேட்டபோது, ஓர் ஒழுங்கான கோட்பாடுபோல் எல்லாம் வெளியே வந்தது. ஏறக்குறைய 1,650 கடைகள். பர்மாவில் போட்டிருந்த பணம் சுமார் 75 கோடி ரூபாய். அதில் பெரும்பகுதி அவர்களுடைய சொந்த முதல். கடனில் மூன்றில் இரண்டு பங்கு உழவுக்கு. இன்று செட்டியார்–பர்மா பற்றி யார் எழுதினாலும் அந்தக் குழுவின் அறிக்கையிலிருந்துதான் எடுக்கிறார்கள். சொன்னவர்கள் தமிழர்கள், ஆசிரியர் பெயர் குழுவுடையது.

அந்தக் கோட்பாட்டில் ஓர் ஓட்டை இருந்தது. பணம் நடமாட வேண்டும் என்பதே அதன் உயிர். மூன்று ஆண்டில் கணக்கு முடிக்க வேண்டிய மேலாளுக்கு நிலம் வேண்டாம். நிலத்தைத் தோளில் போட்டுக்கொண்டு கப்பலேற முடியாது. ஆனால் கடனுக்கு ஈடு நிலம்தான். 1876 சட்டப்படி 12 ஆண்டு தொடர்ந்து உழுது தீர்வை கட்டியவனுக்கு நிலத்தில் உரிமை உண்டு. உரிமை உண்டானால் அடமானம் வைக்கலாம். விலை ஏறிக்கொண்டிருந்தவரை இந்த முரண் தெரியவில்லை. கடன் அடையும், அல்லது நிலத்தை விற்றுக் கடன் அடையும். 1930இல் உலக மந்தம் வந்தது. நெல் விலை 1920களில் இருந்ததில் பாதிக்கும் கீழே போனது. ஒரே சமயத்தில் எல்லா உழவர்களும் கட்ட முடியாமல் போனார்கள், ஒரே சமயத்தில் எல்லா நிலமும் விற்பனைக்கு வந்தது, வாங்க ஆளில்லை. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் 6 சதவீதம். 1938இல் 25 சதவீதம். அவர்கள் வாங்கிக் குவித்ததுபோல் அந்த எண் தோன்றும். உண்மையில் பணம் மண்ணாகிப்போன எண் அது. பர்மிய உழவனின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறொன்றும் உண்மை: அப்பன் காடு வெட்டிய நிலத்தில் மகன் கூலி.

என் பாட்டையா பியாபோனில் ஒரு கடையில் அடுத்தாளாக இருந்தவர். எங்கள் வீட்டில் பர்மா என்றால் தேக்கும் துரோகமும். வளவின் தூண்களைக் காட்டி, 'இது அங்கிருந்து வந்தது' என்பார்கள். 'நாம கொண்டுபோன பணத்துல அந்த நாட்டையே உண்டாக்கினோம், வெறுங்கையா அனுப்பிட்டான்' என்பார்கள். பின்னால் பர்மியர்கள் எழுதியவற்றை மொழிபெயர்ப்பில் படிக்கத் தொடங்கியபோது அதே ஆண்டுகள் தலைகீழாக இருந்தன. அங்கே செட்டியார் என்பவர் கார்ட்டூனில் வரும் பருத்த வயிறு. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை என்பதுதான் சங்கடம்.

ஃபர்னிவாலின் பெரிய கருத்து இந்தச் சங்கடத்திலிருந்து பிறந்தது. அவர் 1910இல் பர்மா ஆய்வுக் கழகத்தைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவர். ரங்கூனுக்கு எதிரே ஆற்றின் அக்கரையில் இருக்கும் சிரியம் மாவட்டத்தின் கெசட்டியரை 1914இல் தொகுத்தவர். 1923இல் ஓய்வு பெற்ற பிறகும் ஊரைவிட்டுப் போகாமல் புத்தகக் கழகம் நடத்தியவர். 1931இல் ரங்கூனிலேயே 'பர்மாவின் அரசியல் பொருளாதாரத்துக்கு ஓர் அறிமுகம்' என்ற நூலை வெளியிட்டார். பிறகு ஹாலந்தின் லைடன் நகரம் போய் டச்சு ஆட்சியின் ஜாவாவைப் படித்தார். அங்கே போக்கே என்ற அறிஞர், மேற்கத்தியப் பொருளியல் விதிகள் ஜாவாக் கிராமத்துக்குப் பொருந்தா, ஒரே நாட்டில் இரண்டு பொருளாதாரம் ஓடுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஃபர்னிவால் அதை முழுதாக ஏற்கவில்லை. ரங்கூனைப் பார்த்தவருக்கு இரண்டு என்ற கணக்குப் போதவில்லை.

1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் மக்கள் தொகை 4 இலட்சம். அதில் பாதிக்கு மேல் இந்தியர். துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகள், வட்டிக்கடையில் செட்டியார், ஆலைகளில் ஸ்டீல் பிரதர்ஸ் போன்ற பிரிட்டிஷ் கம்பெனிகள், சில்லறைக் கடையில் சீனரும் சூலியாக்களும், அலுவலகங்களில் வங்காளிகள். பர்மியர் தங்கள் தலைநகரிலேயே சிறுபான்மை. 1939இல் ஜாவா பற்றிய நூலிலும், 1948இல் 'காலனியக் கொள்கையும் நடைமுறையும்' என்ற நூலிலும் இந்த அமைப்புக்கு அவர் வைத்த பெயர் பன்மைச் சமூகம். ஒவ்வொரு கூட்டமும் தன் மதம், தன் மொழி, தன் வழக்கத்தோடு தனியே வாழ்கிறது. கொடுக்கல் வாங்கலில் மட்டும் தோள் உரசிக்கொள்கிறது. எல்லாருக்கும் பொதுவான ஒரு விருப்பம், பொதுவான ஒரு 'இது கூடாது' இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் சந்தையைக் கட்டுப்படுத்த எதுவும் இருக்காது, லாபம் ஒன்றே சட்டமாகிவிடும் என்பது அவர் வாதம்.

இங்கே நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மலேசியாவில் படித்தவர்களுக்கு 'பன்மைச் சமூகம்' என்ற சொல் பள்ளிக்கூடத்திலேயே பழக்கம். கனடாவிலும் பிரிட்டனிலும் பிறந்த பிள்ளைகள் பன்மை என்றால் கொண்டாட்டம், உணவுத் திருவிழா, பல நிறச் சுவரொட்டி என்று நினைத்து வளர்ந்திருக்கிறார்கள். ஃபர்னிவால் அதை ஒரு நோயின் பெயராக வைத்தார். சந்தை தவிர வேறெதுவும் சேர்த்து வைக்காத மனிதர்களின் கூட்டம், காவல்காரன் போனால் கலகம் என்பது அவர் சொன்ன நோய்க்குறி. 1930 மே மாதம் துறைமுகத்தில் தெலுங்குக் கூலிகளுக்கும் பர்மியருக்கும் நடந்த கலவரத்தையும், அதே டிசம்பரில் தாராவடியில் வெடித்த சயா சான் கிளர்ச்சியையும், 1938 இந்திய எதிர்ப்புக் கலவரத்தையும் பார்த்த ஊரில் அந்தக் கருத்து உருவானது. ஊர் மாறியதும் சொல்லின் பொருளும் மாறிவிட்டது. இது எனக்கு வியப்பாக இல்லை. கருத்துகளும் புலம்பெயர்ந்தால் வேறு உடை உடுத்துகின்றன.

இரண்டாவது கருத்தைச் சொன்னவர் பர்மியர். ஹ்லா மியின்ட், 1920இல் பிறந்தவர், ரங்கூன் பல்கலைக்கழகத்தில் படித்தவர். அந்தப் பல்கலைக்கழகம் 1920இல் நிறுவப்பட்டது. 1923 முதல் 1930 வரை அங்கே பொருளியல் பேராசிரியராக இருந்தவர் ஹெச். ஸ்டான்லி ஜெவன்ஸ். இறுதிநிலைப் பயன்பாடு என்ற கருத்தை நிறுவிய பெரிய ஜெவன்ஸின் மகன். அப்பா கணிதத்தால் பொருளியலை இடமற்றதாக்கினார். மகன் அலகாபாத்திலும் ரங்கூனிலும் உட்கார்ந்து பாடம் நடத்த வேண்டியிருந்தது. அந்தக் குடும்பத்தைப் பற்றி யாராவது ஒரு நாவல் எழுதலாம்.

மியின்ட் லண்டனில் ஆய்வு முடித்து ஆக்ஸ்ஃபோர்டில் கற்பித்தார். 1958இல் அவரும் 'எகனாமிக் ஜர்னலில்' எழுதினார். ஃபர்னிவாலின் கட்டுரைக்கு 49 ஆண்டு கழித்து, அதே இதழ், அதே கழிமுகம். வாணிபம் பற்றி ரிக்கார்டோ சொன்ன ஒப்பீட்டுச் செலவுக் கொள்கையில், ஒரு நாடு ஒன்றை அதிகம் விளைவிக்க வேண்டுமானால் இன்னொன்றைக் குறைத்தாக வேண்டும். துணி நெய்பவன் ஒயின் செய்யப் போனால் துணி குறையும். பர்மாவில் அப்படி நடக்கவில்லையே என்றார் மியின்ட். நெல் பத்து மடங்கு பெருகியது. அதற்காக வேறெதுவும் அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. புதிய தொழில்நுட்பமும் வரவில்லை, அதே ஏர், அதே எருமை. சும்மா கிடந்த நிலமும் முழுதாகப் பயன்படாத உழைப்பும் இருந்தன. வெளிநாட்டுச் சந்தை அந்த மிச்சத்துக்கு ஒரு வடிகால் வெட்டியது. ஆடம் ஸ்மித்திடம் இந்தக் கருத்து இருந்தது. ஜான் ஸ்டூவர்ட் மில் அதைப் பழைய காலத்து மிச்சம் என்று ஒதுக்கிவிட்டார். மியின்ட் அதைக் குப்பையிலிருந்து எடுத்துத் துடைத்து மறுபடி மேசையில் வைத்தார். லண்டனில் இருந்த மில்லுக்கு அது தேவைப்படவில்லை. சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா எப்படி உலகின் முதல் அரிசி ஏற்றுமதி நாடானது என்று விளக்க வேண்டியவருக்குத் தேவைப்பட்டது.

அழகான விளக்கம் இது. ஆனால் நான் படிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி எழும்: எந்த ஊரின் மிச்சம்? நிலம் கழிமுகத்தின் மிச்சம், சரி. காடு வெட்டிய பர்மியரில் பலர் மேல் பர்மாவின் வறண்ட பகுதியிலிருந்து இறங்கி வந்தவர்கள், அதுவும் சரி. ஆனால் அறுவடைக்கும் ஆலைக்கும் துறைமுகத்துக்கும் வந்த கைகள் கஞ்சாம், விசாகப்பட்டினம், தஞ்சாவூர், இராமநாதபுரம் பக்கத்தவை. முதல் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தது. விளைந்த அரிசியில் ஒரு பங்கு திரும்பச் சென்னைக்கும், கொழும்புக்கும், பினாங்குக்கும் போனது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலும் மலாயா ரப்பர் தோட்டத்திலும் தமிழ்க் கூலிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்த அரிசி, தமிழ் லேவாதேவிக்காரரின் முன்பணத்தில் பர்மிய உழவன் விளைவித்தது. 1930களில் ஆண்டுக்கு ஏறக்குறைய 30 இலட்சம் டன் அரிசி பர்மாவிலிருந்து வெளியேறியது. 1942இல் அது நின்றபோது அடி விழுந்த இடங்களில் வங்காளமும் ஒன்று.

ரிக்கார்டோவின் கணக்கில் சரக்குதான் கடல் தாண்டும். முதலும் உழைப்பும் நாட்டுக்குள்ளேயே நிற்கும். வங்காள விரிகுடாவில் எதுவும் நிற்கவில்லை. ஃபர்னிவால் ஒரு சமூகத்தைச் சுற்றிக் கோடு போட்டார். கோட்டுக்குள் ஒட்டாமல் நின்ற கூட்டங்கள் தெரிந்தன. மியின்ட் ஒரு நாட்டைச் சுற்றிக் கோடு போட்டார். கோட்டுக்குள் பயன்படாத நிலமும் உழைப்பும் தெரிந்தன. மொகல் தெரு மேலாள் கோடே போடவில்லை, அவருடைய அலகு ஒரு வழித்தடம். அதில் இரண்டு முனைகளும் தெரிந்தன, நடுவில் நின்று காடு வெட்டியவன் முகம் தெரியவில்லை. 1937 ஏப்ரல் 1ஆம் தேதி பர்மா இந்தியாவிலிருந்து நிர்வாகத்தில் பிரிந்தது. அன்றைக்கு விழுந்த கோட்டில், ஒரே பேரேட்டின் வரவுப் பக்கமும் பற்றுப் பக்கமும் இரு நாடுகளாயின. அதுவரை முதலீட்டாளர், அதன் பிறகு அந்நியர். 1948 நில தேசியமயச் சட்டத்தில் அந்நியரின் நிலம் போயிற்று. சொல்லும்படியான ஈடு கைக்கு வந்து சேரவில்லை.

யார் சொன்னது சரி என்று கேட்டால், மந்தத்துக்கு முன் செட்டியார்கள் பர்மாவுக்குச் செய்தது பெரும்பாலும் நன்மை என்பேன். மந்தம் வந்தபின் வட்டியையும் அசலையும் கூட்டாகக் குறைத்துக் கொடுத்திருந்தால் வரலாறு கொஞ்சம் வேறாகியிருக்கலாம் என்பேன். மாதம் ஒருமுறை கூடி ஒரே வட்டியைத் தீர்மானிக்க முடிந்தவர்களால் அதுவும் முடிந்திருக்கும். ஆனால் அப்படிச் செய்ய, பியாபோனில் நின்று மொகல் தெருவைப் பார்க்கும் ஒருவர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஃபர்னிவால் சொன்ன 'பொது விருப்பம்' இல்லாத நிலை இதுதான் என்றால், அவர் சரி.

அவர் தவறிய இடமும் உண்டு. கூலிகளைப் பற்றிப் பேசும்போது அவர் எண்ணிக்கைகளைப் பார்த்தார். செட்டியார்கள் பர்மா இந்தியரில் மிகச் சிறு பகுதி. தமிழரிலேயே பெரும்பாலோர் ஆலைக்காரர்கள், வண்டிக்காரர்கள், வயல்காரர்கள். மேலாள் மூன்று ஆண்டில் திரும்பினார்; இவர்களில் பலர் திரும்பவில்லை. பர்மியப் பெண்ணைக் கட்டிக்கொண்டார்கள், பிள்ளைகளுக்கு இரண்டு பெயர் வைத்தார்கள். 1871இல் தமிழர்கள் கட்டிய காளி கோயிலில் இன்றும் பர்மியர் வந்து கும்பிடுவதைப் பார்க்கலாம். சந்தைக்கு வெளியே எவரும் சேரவில்லை என்ற வாக்கியத்தை இவர்கள் முன் வைத்தால் நிற்காது. கணக்கெடுப்பு இவர்களைத் தனித்தனி வரிசையில் எழுதியது. அதிகாரி வரிசைகளைப் படித்தார்.

தமிழில் அன்றைக்கே யோசித்தவர்கள் ரங்கூனில் இல்லாமல் இல்லை. ஏ. கே. செட்டியார் அங்கே 'தனவணிகன்' நடத்தினார். வெ. சாமிநாத சர்மா 1937இல் 'ஜோதி' மாத இதழைத் தொடங்கினார். ரூசோவையும் பிளேட்டோவையும் தமிழுக்குக் கொண்டுவந்தவரும் கார்ல் மார்க்ஸின் வாழ்க்கையை எழுதியவரும் அவரே. அதே 1937இல் அதே ஊரில் பர்மிய இளைஞர்கள் 'நகானி' என்ற செம்புத்தகக் கழகத்தைத் தொடங்கி இடதுசாரி நூல்களைப் பர்மிய மொழியில் அச்சிட்டார்கள். ஒரே நகரத்தில் இரண்டு மொழிகளில் ஐரோப்பிய அரசியல் சிந்தனை அச்சேறியது; ஒன்றை மற்றொன்று படித்திருக்கக்கூடிய பாலம் இல்லை. 1942இல் குண்டுகளுக்குத் தப்பிச் சர்மா இந்தியாவுக்கு நடந்து வந்தார். அந்தப் பயணத்தை 'பர்மா வழிநடைப் பயணம்' என்று எழுதினார். அவரைப்போல் கடலிலும் காட்டிலும் தப்பி வந்த இந்தியர் ஏறக்குறைய 5 இலட்சம் பேர்.

ஃபர்னிவால் விடுதலை பெற்ற பர்மாவின் ஆலோசகராக 1948இல் திரும்பிப் போனார். 1960இல் அந்த வேலையும் போய், அதே ஆண்டு கேம்பிரிட்ஜில் இறந்தார். மியின்ட் ரங்கூன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் சில ஆண்டுகள் இருந்தார். 1962இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின் அவருடைய பொருளியலுக்கு அங்கே இடமில்லை. லண்டனில் பேராசிரியராக முடித்து 2017இல் காலமானார். செட்டியார்களைப் பற்றிய பழைய வசவை மறுத்து, அவர்களுடைய முதல் இல்லாமல் கழிமுகம் இல்லை என்று எண்களோடு எழுதியவர் ஷான் டர்னெல் என்ற ஆஸ்திரேலியர். 2009இல் வந்த அவர் நூலின் பெயர் 'ஃபையரி டிராகன்ஸ்', தலைப்பே அந்தக் காலத்தில் செட்டியார்கள்மேல் வீசப்பட்ட வசவு. 2021 பிப்ரவரியில் ராணுவம் அவரைக் கைது செய்தது. யாங்கூன் இன்செயின் சிறையையும் பார்த்துவிட்டு 2022 நவம்பரில்தான் வெளியே வந்தார். யாங்கூனில் உட்கார்ந்து பொருளியல் யோசிப்பது இன்றும் மலிவான வேலையல்ல.

1964இல் கடைகள் தேசியமயமானபின் கப்பல்களில் அனுப்பப்பட்ட தமிழர்கள் சென்னைக் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் போட்டார்கள். அத்தோவும் மொய்ங்காவும் விற்றார்கள். ஆனால் அவர்களில் ஒரு கூட்டம் தமிழ்நாட்டில் நிற்கவில்லை. பிறந்த ஊருக்கே போய்விடலாம் என்று மணிப்பூர் வரை போய், தரைவழியே பர்மாவுக்குள் நுழையப் பார்த்தார்கள். பர்மியக் காவல் அவர்களைத் திருப்பி அனுப்பியது. எல்லையின் இந்தியப் பக்கத்தில், மோரே என்ற சிற்றூரில், அப்படியே தங்கிவிட்டார்கள். தமிழ்ச் சங்கம் வைத்தார்கள், அங்காள பரமேஸ்வரிக்குக் கோயில் கட்டினார்கள், பர்மிய மொழி பேசத் தெரிந்ததால் எல்லை வாணிபத்தைக் கையில் எடுத்தார்கள். அந்தக் கோயிலிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் எல்லைக் கதவு. கதவுக்கு அந்தப்புறம் தமு.